பொன்னாடையில் போன கேள்வி

“வெறுங்கையோடயா போகப் போறே?”

சபாபதி கட்டிலில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார். கிருஷ்ணம்மாள் கண்ணாடி முன் நின்று புடவைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

“நாடாளுமன்றத்துக்குங்க போறோம். கல்யாணத்துக்கா, கையில எதையாச்சும் தூக்கிட்டுப் போக?”

“நம்ம தொகுதி வைபி நமக்காக மந்திரியை எழுப்பி நிக்க வைக்கப் போறாரு. அவரைப் போய் வெறுங்கையோட பாத்தா நல்லாவா இருக்கு? அலமாரியைத் திற. மேல் தட்டுல இருக்கு பாரு.”

மேல் தட்டில் பொன்னாடை இருந்தது. ரயில்வேயிலிருந்து அவர் ஓய்வு பெற்ற அன்று பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் தொழிற்சங்கத்தார் போர்த்தியது. அரக்கு நிறம், கையகலச் சரிகை. ஒரு சாயங்காலம் தோளில் கிடந்ததோடு சரி, மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விட்டது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போதுகூட அதை அவர் எடுத்ததில்லை.

“இது உங்களுக்குப் போட்டதுங்க.”

“எனக்குப் போட்டதா இருந்தா என்ன? ஒன்பதாம் மாடியிலேர்ந்து பொன்னாடையோட ஊர்வலமா போகப் போறேனா? எடுத்துட்டுப் போ. கேள்வி கேக்கிறதுக்கு முன்னாடியே போத்திடணும், தெரியுதா? அப்பத்தான் மனுசனுக்கு ஒரு வேகம் வரும்.”

சரி என்றாள். அவர் ஆசையாக எதையாவது சொல்லியே மாதக்கணக்காகியிருந்தது.

கிள்ளானில், தஞ்சோங் ரம்பை என்கிற வட்டாரத்தில், அவர்கள் குடியிருக்கிற மலிவுவிலை அடுக்குமாடியில் இரண்டு லிஃப்ட் உண்டு. ஒன்று செத்துப்போய் வருடங்கள் ஆகின்றன. மற்றது முன்பெல்லாம் நினைத்தால் ஏறும், நினைத்தால் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுகொள்ளும். ஒருமுறை டயாலிசிஸ் முடிந்து வந்த சபாபதியை உள்ளே வைத்துக்கொண்டு அப்படி நின்றது. தீயணைப்புக்காரர்கள் கதவைப் பிளந்து எடுத்தபோது அவர் சிறுநீரில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அதுவும் ஓடுவதை நிறுத்திக்கொண்டது.

வாரத்துக்கு மூன்று தடவை அவருக்கு ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். கீழே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிற அப்துல் காதர் ஒரு பக்கம், வேலைக்குப் போகாமல் மாடியில் இருக்கிற ஆம்பிளை யாராவது இன்னொரு பக்கம். சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துப் படிப்படியாக இறக்குவார்கள். காதர் ராமநாதபுரத்துப் பிள்ளை, வேலை பெர்மிட்டில் வந்தவன். ‘ஐயா, லேசா இருக்கீங்க, இன்னும் ரெண்டு ரொட்டி சாப்பிடுங்க’ என்று பேசிக்கொண்டே தூக்குவான்.  வீட்டு வாசல் தாண்டியதும் சபாபதி தோள் துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொள்வார். கீழே போய் வேனில் ஏறுகிறவரை அதை எடுப்பதில்லை. ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும், பார்ப்பார்கள். முப்பது வருடம் சீருடையில் நின்றவர்.

குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் கெர்ட்ரூட், பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வீடமைப்புத் துறைக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ‘லிஃப்ட் பழுது பார்க்கப்பட்டு நல்ல நிலையில் இயங்குகிறது’ என்று பதில் வந்தது. அதைப் பிரதி எடுத்து லிஃப்ட் கதவிலேயே ஒட்டினாள். அடுத்த நாள் யாரோ அதன் கீழே, ‘அப்படியா, நீ வந்து ஏறு’ என்று மலாய் மொழியில் கிறுக்கியிருந்தார்கள்.

அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்த்தான் நாடாளுமன்ற உறுப்பினர் திருச்செல்வத்தைப் பார்த்தார்கள். மரியாதைக்கு எல்லாரும் வைபி என்று கூப்பிடுகிற அவர் இளவயசுக்காரர், வழக்கறிஞர். மறு வாரமே வீட்டுக்கு வந்தார். ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு சபாபதியின் கட்டிலருகே உட்கார்ந்தார். கேள்வியை எழுதிப் போட்டாயிற்று, கேள்விகளை வரிசைப்படுத்துகிற குலுக்கலில் பன்னிரண்டாவதாக விழுந்திருக்கிறது, கேள்வி நேரம் முடிவதற்குள் அந்த எண் பெரும்பாலும் வந்துவிடும் என்றார். அப்புறம் தொழில் ரகசியம் சொன்னார். முதல் கேள்விக்குப் பதிலை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அமைச்சர் அதைப் படிப்பார், லிஃப்ட் ஓடுகிறது என்றுதான் படிப்பார். படிக்கட்டும். அதற்கு மேல் நின்ற இடத்திலேயே ஒரு துணைக் கேள்வி கேட்கலாம். அது எழுத்தில் இல்லாதது. “நாளைக்குக் காலையில அமைச்சர் எங்களோட வந்து அந்த லிஃப்ட்ல ஒன்பதாம் மாடிக்குப் போவாரா? இதான் என் துணைக் கேள்வி.”

சபாபதி கட்டிலைத் தட்டினார். “இன்னொரு தடவை சொல்லுங்க வைபி.”

வைபி இன்னொரு தடவை சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லாம் துணைக் கேள்விதான். ரசத்தில் உப்பு போட்டியா என்பார் சபாபதி. போட்டேன் என்றால், துணைக் கேள்வி, எவ்வளவு போட்டே என்பார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை அவள் நினைவூட்டினால், அமைச்சர் நழுவுறார் என்று சிரிப்பார். சிரித்தார். கிருஷ்ணம்மாளுக்கு அதுதான் பெரிசு.

பொன்னாடையோடு கிளம்பிய அன்று, குடியிருப்பாளர் சங்கத்தார் போன பஸ் கூட்டரசு நெடுஞ்சாலையில், சுபாங் ஜெயா பக்கத்தில் மாட்டிக்கொண்டது. நாடாளுமன்றத்துக்குள் நுழையும்போது கேள்வி நேரம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரமாகியிருந்தது. பாதுகாவலர்கள் வந்தவர்களின் கைத்தொலைபேசிகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கெர்ட்ரூட் கிள்ளானில் சொல்லி வைத்துக் கட்டி வாங்கிய சம்பங்கி மாலையை இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தார்கள். லாபிக்கு வந்ததும் வைபியின் உதவியாளர் விவியன் எல்லாரையும் மேலே பார்வையாளர் மாடத்துக்கு ஏறச் சொன்னாள். யாரும் ஏறவில்லை.

மாலை கையில் இருக்கிறது. பொன்னாடை கையில் இருக்கிறது. போர்த்தாமல் எப்படி ஏறுவது?

கேள்வி முடிந்ததும் போர்த்தலாமே என்றாள் விவியன். கெர்ட்ரூட் சம்மதித்துவிடுவாள் போலிருந்தது. கிருஷ்ணம்மாள்தான் விடவில்லை. “இல்லம்மா, முன்னாடிதான் போத்தணும். எங்க வீட்டுக்காரர் சொல்லி அனுப்பிச்சிருக்காரு. நடக்க முடியாத மனுசன். ரெண்டே நிமிஷம் லா, கூப்பிடும்மா.”

விவியன் உள்ளே போய்ச் சொன்னாள். வைபி சிரித்துக்கொண்டே வந்தார். இப்போதுதான் நாலாவது எண் நடக்கிறது, நேரம் இருக்கிறது, எதற்கு இதெல்லாம் என்றார். எதற்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து மாலைக்குக் கழுத்தைக் கொடுத்தார். கிருஷ்ணம்மாள் பொன்னாடையை உதறி விரித்தாள். மடிப்பு இருந்த இடமெல்லாம் கோடு விழுந்திருந்தது. தோளில் போர்த்தியதும் எல்லாரும் கைதட்டினார்கள். பாதுகாவலர் ஒருவர் வந்து சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

அப்புறம் படம். உள்ளே நடப்பதைக் காட்டுகிற டிவி ஒன்று லாபியில் ஓடிக்கொண்டிருந்தது. விவியனின் கைத்தொலைபேசியைப் பார்த்து வரிசையாக நின்றபோது எல்லாருக்கும் டிவி முதுகுப்பக்கம் போனது. முதல் படத்தில் பின்வரிசை மறைந்துவிட்டது. உயரமானவர்களைப் பின்னால் அனுப்பி இன்னொன்று எடுத்தார்கள். அதில் வைபி கண்ணை மூடிவிட்டார். விவியன் காட்டினாள், அவர் பார்த்தார். “அட, இன்னொன்னு எடு” என்றார்.

மூன்றாவது படத்துக்கு நிற்கும்போதுதான் முதுகுக்குப் பின்னால் யாரோ ‘தஞ்சோங் ரம்பை’ என்று சொன்னது கிருஷ்ணம்மாள் காதில் விழுந்தது. இரண்டு தடவை சொன்னார்கள். பக்கத்தில் கெர்ட்ரூட் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததில் வைபிக்குக் கேட்கவில்லை. நாடாளுமன்றத்திலேயே நம்ம ஊர்ப் பேர் வருகிறதே என்று கிருஷ்ணம்மாளுக்குப் பூரிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தாள்.

அங்கே உறுப்பினர்களை ஆள் பேரால் கூப்பிடுவதில்லை, தொகுதிப் பேரால்தான் கூப்பிடுவார்கள். அது அவளுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து ஓர் ஊழியர் வேகமாக வந்து வைபியின் காதில் என்னவோ சொன்னார். எங்கேயோ இடைத்தேர்தலாம். கேள்வி போட்டிருந்த பலர் பிரச்சாரத்துக்குப் போய்விட்டார்கள். ஆளில்லாத எண்களை சபாநாயகர் கடகடவென்று தாண்டிக்கொண்டு வந்து பன்னிரண்டைக் கூப்பிட்டார். ஆள் இல்லை. பதின்மூன்றுக்குப் போய்விட்டார்.

வைபியின் முகம் எப்படி ஆனது என்று பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. கைகளைத்தான் பார்த்தாள். மாலையைக் கழற்றப்போய் நூல் அறுந்து சம்பங்கி தரையில் கொட்டியது. பொன்னாடையை உருவி அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். டிவியில் அவர் எழுந்து நிற்பது தெரிந்தது. சபாநாயகர் உட்காரச் சொன்னார். எதிரே அமைச்சர் தன் காகிதங்களைத் தட்டி அடுக்கினார். எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. வைபி உட்கார்ந்தார்.

யாரும் மாடத்துக்கு ஏறவில்லை. குனிந்து பூக்களைப் பொறுக்கினார்கள்.

பஸ்ஸில் திரும்பினார்கள். மிட்வேலி பேரங்காடி தாண்டியதும் கெர்ட்ரூட் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “விவியன் போட்டோ அனுப்பினா யாரும் குரூப்புல போடாதீங்க. மாலை போட்டோம்னு யார்கிட்டயும் பேச வேணாம். சரியா?” 

கிருஷ்ணம்மாள் வழி முழுக்க ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தாள். நேரம் போதவில்லை, கேள்வி வரவில்லை, அடுத்த தடவை பார்க்கலாம் என்று. ஒன்பதாம் மாடி ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நாற்காலி காலியா கிடந்துச்சு.”

காதர் மேலே வந்து கைத்தொலைபேசியில் நாடாளுமன்ற நேரலையைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆரம்பத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

“தஞ்சோங் ரம்பை, தஞ்சோங் ரம்பைன்னு கூப்பிடுறாங்க. ஆளைக் காணோம். அப்புறம் ஓடி வந்து நிக்கிறான், பரீட்சைக்கு லேட்டா வந்த பையன் மாதிரி. எங்க போயிருந்தான்?”

“தெரியலைங்க.”

“பொன்னாடை போத்தினீங்களா?”

“ம். எல்லாம் முடிஞ்சப்புறம்.”

“அவனுக்கு அது ஒண்ணுதான் கேடு” என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் குளியலறைக்குப் போனபோது, கைப்பையிலிருந்த பொன்னாடையை மடித்து, பழைய உறைக்குள் வைத்து, அதே மேல் தட்டில் செருகினாள்.

அந்தக் காலி நாற்காலி ஊரெல்லாம் சுற்றியது. யாரோ அதைச் சின்னக் காணொளியாக வெட்டி, குறட்டைச் சத்தம் சேர்த்திருந்தார்கள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் வைபியைக் கிழித்தார்கள். தூங்கிவிட்டான், காசு வாங்கிவிட்டான், மந்திரியோடு கூட்டு. பஸ்ஸில் வந்தவர்கள் முதலில் சும்மா இருந்தார்கள். சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு நாளில் அவர்களில் சிலரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். படத்தில் வைபியின் தோளை ஒட்டி நின்றவர், இந்த மாதிரி ஆளுக்கு இனி ஓட்டு இல்லை என்று எழுதினார். கிருஷ்ணம்மாள் எதுவும் எழுதவில்லை. அதையெல்லாம் சபாபதிக்கு வாசித்துக் காட்டினாள். அவர் வாசிக்கச் சொன்னார், வாசித்தாள்.

வைபி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ‘என் தவறு, மன்னிக்கவும்’ என்று ஒரு வரி போட்டார். அதற்கும் திட்டினார்கள்.

அடுத்த வாரம், டயாலிசிஸ் போகிற நாளில், அவரே வந்தார். கெர்ட்ரூட் பின்னால் மூச்சிரைக்க ஏறி வந்தாள். சபாபதி கிளம்பத் தயாராகச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை. வைபி நின்றுகொண்டே சொன்னார். சபையில் கேட்காமல் போனதால் கேள்வி எழுத்துப் பதிலுக்குப் போய்விட்டது. பதில் நேற்று வந்தது. லிஃப்ட் நல்ல நிலையில் இயங்குகிறது என்றே இருக்கிறது. எழுத்துப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது.

“தெரியும். நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்கய்யா.”

“முதல் கேள்வி. அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

கெர்ட்ரூட் முந்திக்கொண்டாள். வைபிக்கு அன்று வயிறு சரியில்லை, பாவம், காலையில் எங்கேயோ நாசி லெமாக் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். வைபி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“அதெல்லாம் இல்லைங்கய்யா. லாபியில இருந்தேன்.”

“துணைக் கேள்வி. லாபியில என்ன வேலை?”

 கிருஷ்ணம்மாள் பக்கம் பார்க்காமல் இருக்க வைபி படுகிற பாடு அவளுக்குத் தெரிந்தது. தரையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். சபாபதிக்கு அது நழுவலாகத் தெரிந்தது.

“பாத்தியா? மந்திரியைக் கேள்வி கேக்க அனுப்பினேன். ஒரு கிழவன் கேட்டா பதில் வரலை.”

“அங்கிள், விடுங்க லா” என்றாள் கெர்ட்ரூட்.

“நீ சும்மா இரும்மா. நான் அவரைக் கேக்கிறேன். என்ன வேலைங்க லாபியில? யாரைப் பாக்கப் போனீங்க?”

“எங்களைப் பாக்க வந்தாருங்க” என்றாள் கிருஷ்ணம்மாள்.

அலமாரியைத் திறந்தாள். உறையோடு எடுத்து அவர் மடியில் வைத்தாள். மடிப்பு இப்போது வேறு இடத்தில் இருந்தது. சரிகையில் ஒரு சம்பங்கி இதழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

“நான்தாங்க கூப்பிட்டு விட்டேன். அந்தப் பொண்ணு வேணாம்னுச்சு, நான் கேக்கலை. படம் எடுக்கிறப்ப நம்ம ஊர்ப் பேரைக் கூப்பிட்டாங்க. என் காதுல விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டு நின்னேன்.”

“முடிஞ்சப்புறம் போத்தினோம்னு சொன்னியே.”

“பொய்.”

“எப்ப போத்தினே?”

“நீங்க சொன்ன மாதிரிதாங்க. கேள்விக்கு முன்னாடி.”

சபாபதி பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டே இருந்தார். அது சரசரவென்று சத்தம் போட்டது. கெர்ட்ரூட் ஜெபமாலை இருக்கும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வைபிதான் பேசினார். “அவங்க மேல தப்பில்லைங்கய்யா. கேள்வி என்னுது. அப்புறம் வரேன்மான்னு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லையா? மாலை போட்டாங்க, நல்லா இருந்துச்சு. மூணாவது படம் நான்தான் கேட்டேன். கண்ணை மூடிட்டேன்னு.” கொஞ்சம் நிறுத்தினார். “வெளிய சொன்னா எல்லாரும் உங்க வீட்டம்மாவைப் பேசுவாங்க. அதான் சொல்லலை. அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். உண்மையைச் சொன்னா, படத்துக்காகக் கேள்வியை விட்டவன்னு பேர் வர்றதைவிட, தூங்கினவன்னு பேர் வர்றது பரவாயில்லன்னு இருந்துச்சு.”

 சபாபதி திட்டுவார் என்று கிருஷ்ணம்மாள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் நாற்காலியோடு காதர் வந்து நின்றான். “ஐயா, நேரமாச்சுங்க. எதிர் வீட்டு அண்ணன் வேலைக்குப் போயிட்டாரு. வேற யாரும் இல்ல.” உள்ளே இருந்தவர்களைப் பார்த்துவிட்டு, “அப்புறம் வரட்டா?” என்றான்.

வைபி சட்டைக் கையைச் சுருட்டினார்.

“நீங்க தூக்க வேணாம்” என்றார் சபாபதி.

“வேற யாரும் இல்லைங்கய்யா.”

இல்லைதான். சபாபதி எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மடியிலிருந்த உறையைக் கிருஷ்ணம்மாளிடம் நீட்டினார். “இதைப் பையில வை. அங்க ஏசி குளுரு தாங்க முடியலை. காலுக்குப் போட்டுக்கிறேன்.”

இரண்டு பேரும் தூக்கினார்கள். வாசல் தாண்டியதும் துண்டு முகத்துக்குப் போனது. வைபிக்குப் பழக்கமில்லை. முதல் திருப்பத்திலேயே நாற்காலி சாய்ந்தது. ‘சார், முட்டியை மடக்கி இறங்குங்க, முதுகை வளைக்காதீங்க’ என்று காதர் சொல்லிக்கொடுத்தான். கதவுகள் திறந்தன. வைபியைப் பார்த்ததும் கூடுதலாகத் திறந்தன. ஆறாம் மாடியில் ஒருவர் கைத்தொலைபேசியைத் தூக்கினார். பஸ்ஸில் வந்தவர், இனி ஓட்டு இல்லை என்று எழுதியவர். பின்னால் வந்த கெர்ட்ரூட்டைப் பார்த்தார், கிருஷ்ணம்மாளைப் பார்த்தார். தொலைபேசியை மெல்ல இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டார்.

ஐந்தாம் மாடியில் இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். பக்கத்தில் லிஃப்ட் கதவு துருப்பிடித்து நின்றது. வைபிக்கு வேர்வை சொட்டியது. துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மறுபடி எழுதிப் போடுவீங்களா?”

“அடுத்த கூட்டத்துக்குப் போடுவேன்யா. குலுக்கல்ல எந்த நம்பர் விழும்னு தெரியாது. விழாமலும் போகலாம்.”

“போடுங்க. இங்கேர்ந்து யாரும் வர மாட்டோம். ஒரு பூ வராது. நீங்க இடத்தை விட்டு எந்திரிக்காதீங்க, அது போதும்.”

“சரிங்கய்யா.”

“பொன்னாடையை நான்தான் கொடுத்து அனுப்பினேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. துண்டு மூச்சுக்கு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

காதர் குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தான். “தூக்கலாமா சார்?”

தூக்கினார்கள். கீழே நாலாம் மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கிருஷ்ணம்மாள் பையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு, மற்ற கையால் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, முகத்துக்குத் தாழ்த்தி விட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் இறங்கினாள்.